மெட்ஸ் பிளேஆஃப் போகுமா? பேஸ்பால் பார்க்கிறவங்க யாராவது சொல்லுங்க

நொய்யல்கரை (திருப்பூர்)
ஞாயிறு, 14 செப்டம்பர் 2025, காலை 9:20

நேராகவே கேட்டுவிடுகிறேன். நியூயார்க் மெட்ஸ் இந்த வருஷம் பிளேஆஃப் போகுமா, போகாதா? டெக்சாஸ் ரேஞ்சர்ஸிடம் 3-2 என்று தோற்று, இதோடு தொடர்ந்து எட்டு தோல்வி. 149 ஆட்டம் முடிந்திருக்கிறது. 76 வெற்றி, 73 தோல்வி. மிச்சம் 13 ஆட்டம்.

இதே அணி ஜூன் 12ஆம் தேதி 45-24 என்று நின்றது. மேஜர் லீகில் இருக்கிற 30 அணிகளிலும் அன்றைக்கு அதைவிட நல்ல கணக்கு யாரிடமும் இல்லை. அதற்கப்புறம் இன்றுவரை 31 வெற்றி, 49 தோல்வி. இவ்வளவு சரிந்தும் நேஷனல் லீகின் மூன்றாவது வைல்டு கார்டு இடம் இன்னும் நம்மிடம்தான் இருக்கிறது. ஜயண்ட்ஸ், ரெட்ஸ், டயமண்ட்பேக்ஸ் எல்லோரும் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் வந்துகொண்டிருக்கிறார்கள்.

அணி மோசம் என்று ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தால் மனசு அதற்குத் தயாராகிவிடும். இது அப்படி இல்லை. ஜூலை கடைசியில் தொடர்ந்து ஏழு ஆட்டம் ஜெயித்தார்கள். அடுத்த 12 ஆட்டத்தில் 11 தோல்வி. ஆகஸ்ட் கடைசியில் சொந்த மைதானத்தில் ஃபில்லீஸை மூன்றுக்கு மூன்று அடித்துத் துவைத்தார்கள். இரண்டு வாரம் கழித்து அதே ஃபில்லீஸ் ஊருக்குப் போய் நான்குக்கு நான்கு தோற்றார்கள். அதிலும் அந்தக் கடைசி ஆட்டம் என்னால் மறக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை விடியற்காலையில் எழுந்து பார்க்கிறேன், ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் முதல் இன்னிங்ஸிலேயே மெட்ஸ் 4 ரன். அப்பாடா என்றிருந்தது. அதற்கப்புறம் ஃபில்லீஸ் பிட்சர் (பந்து வீசுகிறவர்) லுசார்டோ 22 பேரை வரிசையாக அவுட்டாக்கினார். இரண்டாவது இன்னிங்ஸிலிருந்து எட்டாவது வரை ஒருத்தர்கூட பேஸில் கால் வைக்கவில்லை. 6-4 தோல்வி.

எங்கள் ஊரில் டையிங் லாட்டுக்கு லாட் கலர் மாறி வந்தால் பையர் சரக்கை எடுக்க மாட்டார். இரண்டு லாட்டும் தனித்தனியாக நல்ல கலராகவே இருந்தாலும் எடுக்க மாட்டார். இந்த அணியும் எனக்கு அப்படித்தான் தெரிகிறது. எது வரும் என்று தெரியாத அணியை நம்பி அக்டோபருக்கு எப்படிக் காத்திருப்பது?

நான் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். நியூயார்க் பையர் ஒருவருக்கு ராக்லன் கை வைத்த பேஸ்பால் டி-ஷர்ட் ஓட்டினோம். அந்த ஆபீஸில் ஃபேப்ரிக் பார்க்கிறவர் குவீன்ஸ் பகுதிக்காரர். ராத்திரி போனில் சாம்பிள் பேச்சு முடிந்ததும் மெட்ஸ் பேச்சுதான். அவர் சொல்லித்தான் ஆட்டம் பார்க்க ஆரம்பித்தேன். அங்கே ராத்திரி ஏழு மணி ஆட்டம் என்றால் நமக்கு விடியற்காலை நாலரை. ஒரு காபியோடு உட்கார்ந்தால் கம்பெனிக்குக் கிளம்புவதற்குள் முடிந்துவிடும். அதனால் இந்தப் பழக்கம் எனக்கு வசதியாகப் போய்விட்டது. ஆகஸ்ட் 27இல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதிலிருந்து அந்த ஆர்டர் நிற்கிறது. இப்போது அவருடன் பேசினால் விலையும் தேதியும் மட்டுமே வருகிறது. ஆட்டத்தைப் பற்றிப் பேச இங்கே எனக்கு ஆள் இல்லை. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

என் மனசுக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், தவறென்றால் திருத்துங்கள். காரணம் பேட்டிங் இல்லை, ஸ்டார்ட்டிங் பிட்சிங், அதாவது ஆட்டத்தை ஆரம்பித்து வீசுகிற ஸ்டார்ட்டர்கள். ஜூன் 12 வரை மெட்ஸ் ஸ்டார்ட்டர்கள்தான் லீகிலேயே கம்மியாக ரன் விட்டவர்கள். அன்றைக்கு செங்கா முதல் பேஸை மூட ஓடி, உயரமாக வந்த பந்தை எம்பிப் பிடித்தபோது தொடைத் தசை இழுத்துக்கொண்டது. அந்த மாசமே கேனிங்குக்குக் குதிகால் நரம்பு அறுந்தது. மெகில், மோன்டாஸ் இருவருக்கும் முழங்கை போனது. செங்கா திரும்பி வந்தும் பழைய செங்காவாக இல்லை. இந்த மாசம் கீழ் லீகுக்கு அனுப்பிவிட்டார்கள். ஹோம்ஸ் இந்த வருஷம்தான் புல்பென்னிலிருந்து (ஸ்டார்ட்டருக்குப் பின்னால் வந்து வீசுகிறவர்கள்) ஸ்டார்ட்டராக மாறியவர். ஐந்து இன்னிங்ஸ்கூடத் தாண்டாத ஸ்டார்ட்டர்களால் புல்பென் தினமும் நாலு இன்னிங்ஸ் சுமக்கிறது. அது எத்தனை மாசம் தாங்கும்?

சோட்டோவுக்கு 15 வருஷத்துக்கு 765 மில்லியன் டாலர் கொடுத்து எடுத்தார்கள். அவர் தன் வேலையைச் செய்கிறார். லிண்டோர் செய்கிறார். அலோன்சோ போன மாசம் டேரில் ஸ்ட்ராபெரியின் 252 ஹோம் ரன்னைத் தாண்டி, மெட்ஸ் சரித்திரத்திலேயே அதிக ஹோம் ரன் அடித்தவர் ஆகிவிட்டார். இப்படி மூன்று பேட்டர்களை வைத்துக்கொண்டு ஒரு அணி பிளேஆஃப் போகாமல் இருக்க முடியுமா? முடியும் என்றால் எப்படி என்று யாராவது விளக்குங்கள்.

---

பெருந்துறைக்காரன் (எடிசன், நியூஜெர்சி)
காலை 10:05

வாங்க, நம்மூரில் ஒரு மெட்ஸ்காரர் இருக்கிறார் என்பதே எனக்குச் சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி நான் மெட்ஸின் மைதானம் சிட்டி ஃபீல்டில்தான் இருந்தேன். ஜேகப் டிகிராம் எதிரணி உடையில் அந்த மைதானத்தில் முதல் தடவையாக மெட்ஸுக்கு எதிராக வீசினார். 2018, 2019 இரண்டு வருஷமும் மெட்ஸில் இருந்து, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கிக் கொடுத்த மனுஷன். நானும் எழுந்து நின்று தட்டினேன். நம் பக்கம் ஜோனா டாங், 22 வயசுப் பையன். முதல் இன்னிங்ஸையே முடிக்கவில்லை, ஆறு ரன் போய்விட்டது. அந்தப் பையன் தலை குனிந்து வெளியே நடந்தபோது யாருக்கும் திட்ட மனசு வரவில்லை. செங்காவும் கேனிங்கும் நன்றாக இருந்திருந்தால் செப்டம்பரில் அவன் தோளில் இந்தப் பாரம் ஏறியிருக்குமா? நீங்கள் சொல்வது சரி. பிட்சிங்தான்.

ஆனால் உங்களுக்குப் பயம் இன்னும் போதவில்லை என்பேன். நான் இந்த ஊருக்கு வந்த வருஷம் 2007. 17 ஆட்டம் மிச்சம் இருக்கும்போது மெட்ஸ் ஏழு ஆட்டம் முன்னிலை. அதில் 12 தோற்றார்கள். கடைசி நாள் மார்லின்ஸுடன் ஆட்டம். டாம் கிளாவின், 300 வெற்றி பெற்ற பிட்சர், முதல் இன்னிங்ஸில் ஒரே ஒரு அவுட் எடுப்பதற்குள் ஏழு ரன் விட்டுவிட்டுப் போனார். 8-1. முடிந்தது. அடுத்த வருஷம் 2008, பழைய ஷே மைதானத்தின் கடைசி ஆட்டம். மறுபடியும் கடைசி நாள், மறுபடியும் மார்லின்ஸ், மறுபடியும் தோல்வி, மறுபடியும் பிளேஆஃப் இல்லை.

இந்த வருஷ அட்டவணையைப் பாருங்கள். பாட்ரெஸுடன் மூன்று, நேஷனல்ஸுடன் மூன்று, சிகாகோவில் கப்ஸுடன் மூன்று. கடைசி மூன்று மயாமியில். மார்லின்ஸ்.

---

கோபி கார்த்தி (கோபிசெட்டிபாளையம்)
காலை 10:40

அண்ணா, எனக்கு கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். இருந்தாலும் படிக்க சுவாரசியமாக இருக்கிறது. 162 ஆட்டமா ஒரு அணிக்கு? ஐபிஎல்லில் 14 லீக் ஆட்டம்தான். அவ்வளவு ஆடியும் கடைசி வாரம்வரை இழுக்கிறது என்றால் எப்படி? வைல்டு கார்டு என்றால் என்ன?

---

நொய்யல்கரை
காலை 11:15

கார்த்தி, சுருக்கமாகச் சொல்கிறேன் தம்பி. நேஷனல் லீகில் 15 அணி, மூன்று டிவிஷன். ஒவ்வொரு டிவிஷனிலும் முதலாவது வருகிற அணி நேராக பிளேஆஃப் போகும். மிச்சம் 12 அணியில் கணக்கு நன்றாக இருக்கிற மூன்றுக்கு வைல்டு கார்டு. ஆக ஒரு லீகுக்கு ஆறு, இரண்டு லீகுக்கும் சேர்த்து 12. இந்த முறை 2022இல் வந்தது. டிவிஷன் ஜெயித்தவர்களில் முதல் இரண்டு அணிக்கு முதல் சுற்று ஆட வேண்டியதில்லை. மற்ற நால்வரும் மூன்று ஆட்டத் தொடர் ஆடுவார்கள். மூன்றுமே மேலே இருக்கிற அணியின் மைதானத்தில்தான். கடைசி இடத்தில் நுழைகிறவனுக்குச் சொந்த ஊர் ஆட்டமே கிடையாது.

ஃபில்லீஸ் நம் டிவிஷனில் எப்போதோ தூரப் போய்விட்டார்கள். எங்களுக்கு மிச்சம் இருப்பது அந்த ஒரே ஒரு மூன்றாவது இடம்.

162 ஆட்டம் ஆடியும் ஏன் இழுக்கிறது என்றால், இந்த ஆட்டத்தில் ரொம்ப நல்ல அணிகூட பத்துக்கு ஆறு ஜெயித்தால் பெரிய விஷயம். ரொம்ப மோசமான அணியும் பத்துக்கு நாலு ஜெயிக்கும். நடுவில் இருக்கிற அணிகளுக்குள்ளே வித்தியாசம் நூலிழைதான்.

பெருந்துறைக்காரரே, மார்லின்ஸ் பெயரைப் படித்ததும் வயிற்றில் என்னவோ செய்கிறது. 2007 கதை அந்த குவீன்ஸ்காரரும் சொல்லியிருக்கிறார். கிளாவின் பெயரை மட்டும் சொல்ல மாட்டார், "அந்த இடதுகை" என்பார்.

---

மோகனூர் அக்கா (நாமக்கல்)
மதியம் 12:30

தம்பிகளா, நான் ரெட்ஸ். மகள் வீடு சின்சினாட்டியில். இரண்டு பேரப்பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளப் போன இடத்தில் மாப்பிள்ளை ஆட்டத்துக்குக் கூட்டிப்போனார். ஒஹாயோ ஆற்றங்கரையில் மைதானம். அங்கே உட்கார்ந்து ஆற்றைப் பார்த்தபோது எனக்கு மோகனூரில் காவிரியைப் பார்க்கிற மாதிரியே மனசு நிறைந்தது. அன்றிலிருந்து ரெட்ஸ்தான்.

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் எங்கள் பக்கமும் கொஞ்சம் பாருங்கள். ரெட்ஸ் ஒரு பிளேஆஃப் தொடரை ஜெயித்து 30 வருஷம் ஆகிறது. கடைசியாக 1995. கடைசியாக பிளேஆஃபில் கால் வைத்ததே 2020, அதிலும் ஒரு ரன்கூட எடுக்காமல் அட்லாண்டாவிடம் வெளியே வந்தோம். இந்த வருஷம் டெர்ரி ஃப்ரான்கோனா மேனேஜராக வந்திருக்கிறார். எல்லி டி லா க்ரூஸ் ஓடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டாவது பேஸிலிருந்து வீட்டுக்கு அவன் வருகிற வேகத்தைப் பார்க்கவே டிக்கெட் வாங்கலாம். எங்களிடம் 765 மில்லியன் எல்லாம் கிடையாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தெரிந்து மனசு கஷ்டப்பட வேண்டாம். மெட்ஸும் ரெட்ஸும் சம வெற்றியில் முடித்தால் இடம் எங்களுக்கு. முன்னே எல்லாம் சமமானால் 163ஆவது ஆட்டம் ஒன்று வைப்பார்கள். 2022 முதல் அது இல்லை. இரண்டு அணிகளும் தங்களுக்குள் ஆடினதைப் பார்ப்பார்கள். இந்த வருஷம் ஆறு ஆட்டம். ஜூலையில் உங்கள் ஊரில் மூன்றில் இரண்டு நாங்கள், போன வாரம் எங்கள் ஊரில் மூன்றில் இரண்டு நாங்கள். 4-2. உங்கள் எட்டு தோல்வியில் முதல் இரண்டு எங்களிடம்தான் ஆரம்பித்தது.

---

நொய்யல்கரை
மதியம் 1:10

அக்கா, நீங்கள் சொன்னது நல்லதுங்க. எனக்கு அந்த 4-2 தெரியும், ஆனால் அதை நினைக்காமல் தள்ளிக்கொண்டே இருந்தேன். அப்படியென்றால் ரெட்ஸைவிட ஒரு வெற்றி அதிகம் இருந்தே ஆக வேண்டும். ஜயண்ட்ஸுடன் எங்களுக்கு 4-2 சாதகம். அதாவது ஜயண்ட்ஸுடன் சமமானால் நாங்கள், ரெட்ஸுடன் சமமானால் நீங்கள்.

செப்டம்பர் 7ஆம் தேதி ரெட்ஸ் ஆட்டம், 3-2 தோல்வி. அந்த ஒரு ரன்னை இப்போது நினைத்தால் ஒரு ஆட்டத்துக்குப் பதில் இரண்டு ஆட்டம் தோற்ற மாதிரி ஆகிறது.

---

கணக்கு வாத்தியார் (ஈரோடு)
மாலை 4:45

கல்லூரியில் புள்ளியியல் எடுக்கிறவன். பேஸ்பாலைக் கணக்குக்காகவே பார்ப்பேன், எந்த அணிக்கும் ஆதரவு இல்லை. அதனால் என் பதிலில் ஆறுதல் குறைவாக இருக்கலாம்.

முதலில் எட்டு தோல்வி. காசைச் சுண்டுகிற மாதிரி ஒவ்வொரு ஆட்டத்திலும் பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள சாதாரண அணி ஒன்று 162 ஆட்டம் ஆடினால், எங்காவது ஒரு இடத்தில் தொடர்ந்து எட்டு தோற்பதற்கு சுமாராக நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஆக எட்டு தோல்வி என்பது மட்டுமே ஒரு அணி செத்துவிட்டது என்பதற்குச் சாட்சி ஆகாது.

இரண்டாவது, ஜூன் 12க்குப் பிறகு 31-49. பாதிக்குப் பாதி அணி 80 ஆட்டத்தில் 31 அல்லது அதற்கும் கீழே ஜெயிக்க நூற்றுக்கு மூன்று வாய்ப்புதான். பயப்பட வேண்டிய எண் என்று தோன்றும். ஆனால் ஜூன் 12 என்ற தேதியை யார் தேர்ந்தெடுத்தது? நாம்தான். உச்சியில் நின்ற நாளிலிருந்து எண்ணினால் எந்த அணியும் சரிந்த மாதிரிதான் தெரியும். 45-24ஐ மட்டும் பார்ப்பதும் தப்பு, 31-49ஐ மட்டும் பார்ப்பதும் தப்பு. இரண்டும் சேர்ந்த 76-73தான் அணி. எடுத்த ரன் கொடுத்த ரன்னைவிட அதிகமாகவே இருக்கிறது. அந்த வித்தியாசத்தை வைத்துப் பார்த்தால் பாதிக்குக் கொஞ்சம் மேலே உள்ள அணி.

மூன்றாவதுதான் உங்கள் கேள்வி. மிச்சம் 13. காசு சுண்டும் கணக்குப்படி ஏழு அல்லது அதற்கு மேல் ஜெயிக்கச் சரியாகப் பாதி வாய்ப்பு. அப்படியானால் 83 அல்லது அதற்கு மேல். எட்டு அல்லது அதற்கு மேல் என்றால் 29 சதவீதம். ஒன்பது என்றால் 13 சதவீதம். பின்னால் வருகிறவர்கள் எங்கே முடிப்பார்கள் என்பதைப் பொறுத்து 83 போதலாம், போதாமலும் போகலாம். ரெட்ஸும் 83இல் முடித்தால் அக்கா சொன்னதுதான் நடக்கும். எனக்கு மெட்ஸின் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேலே என்று படுகிறது, அவ்வளவே.

---

நொய்யல்கரை
மாலை 5:30

சார், ரொம்ப நன்றிங்க. ஜூன் 12 பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். மற்றதை முழுசாக ஒப்புக்கொள்ள முடியவில்லை, கோவிக்காதீர்கள்.

காசுக்கு நேற்று என்ன விழுந்தது என்று ஞாபகம் இல்லை. புல்பென்னுக்கு ஞாபகம் இருக்கிறது, தோளில். நேற்று 30 பந்து வீசினவர் இன்றைக்கு வீச முடியாது. ஜூன் வரை இருந்த ஐந்து ஸ்டார்ட்டரும் இப்போது இருக்கிற ஸ்டார்ட்டரும் வேறு வேறு ஆட்கள். இரண்டையும் கூட்டி 76-73 என்று ஒரே அணியாக எப்படிப் பார்ப்பது? இப்போது ஆடுகிற அணி 31-49க்குத்தான் பக்கம் என்று நான் நினைக்கிறேன். ஜூலைக் கடைசியில் டிரேட் செய்து புல்பென்னுக்கு ஹெல்ஸ்லி, டைலர் ராஜர்ஸ், கிரெகரி சோட்டோ மூவரையும் சென்டர் ஃபீல்டுக்கு மல்லின்ஸையும் கொண்டுவந்தார்கள். ஸ்டார்ட்டர் ஒருவர்கூட வரவில்லை. அந்த வாரமே எனக்கு அது சரியாகப் படவில்லை. ஹெல்ஸ்லி வந்தால் எட்டாவது இன்னிங்ஸ் இப்போது எனக்குப் பதறுகிறது.

இன்னொரு விஷயமும் உறுத்துகிறது. இந்த வருஷம் எட்டு இன்னிங்ஸ் முடிவில் பின்தங்கியிருந்த ஒரு ஆட்டத்தைக்கூட மெட்ஸ் ஒன்பதாவதில் திருப்பி ஜெயிக்கவில்லை. ஒன்றுகூட இல்லை. போன வருஷம் இதே அணிதான், மில்வாக்கியில் வைல்டு கார்டு மூன்றாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், 2-0 பின்தங்கி, ஊரே முடிந்தது என்று எழுந்துவிட்ட நேரத்தில் அலோன்சோ மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். எதிரே வீசியது டெவின் வில்லியம்ஸ், அன்றைக்கு லீகின் சிறந்த க்ளோசர்களில் (கடைசி இன்னிங்ஸை வீசி முடிக்கிறவர்கள்) ஒருவர். அந்த மாதிரி ஒரு நிமிஷம் இந்த வருஷம் வரவே இல்லை. கணக்கில் இதற்கு இடம் உண்டா சார்?

---

கணக்கு வாத்தியார்
மாலை 6:20

பிட்சர்கள் மாறியதற்கு இடம் உண்டு. அதைச் சேர்த்தால் மெட்ஸின் வாய்ப்பு குறையும், கூடாது. அந்த வாதத்தில் உங்கள் பக்கம்தான் வலு.

அந்த நிமிஷங்களுக்கு இடம் இல்லை. ஒன்பதாவது இன்னிங்ஸில் திருப்புவது எல்லா அணிக்கும் அபூர்வம். போன வருஷம் வந்தது என்பதற்காக இந்த வருஷமும் வர வேண்டும் என்றில்லை. இதுவரை வரவில்லை என்பதற்காக இனி வராது என்றும் இல்லை.

---

பெருந்துறைக்காரன்
மாலை 6:50

காலையில் பயமுறுத்திவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். இப்போது எழுந்து காபி குடித்துக்கொண்டே மறுபக்கத்தையும் எழுதுகிறேன். நீங்கள் இரண்டும் தெரிந்துகொள்ள வேண்டும்.

1973. ஆகஸ்ட் 30ஆம் தேதி மெட்ஸ் டிவிஷனில் கடைசி இடம். டக் மெக்ரா என்ற புல்பென் பிட்சர் "நம்பித்தான் ஆகணும்" என்று கத்திக்கொண்டே திரிந்தார். முடிவில் 82-79 என்று டிவிஷன் ஜெயித்து, சின்சினாட்டியை வென்று (அக்கா மன்னிக்கணும்), இறுதியான உலகத் தொடரில் ஓக்லண்டுடன் ஏழாவது ஆட்டம்வரை போனார்கள். 2006இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் 83-78 என்று நுழைந்து கோப்பையையே தூக்கினார்கள். அந்த வருஷம் அவர்கள் வழியில் வீழ்ந்தது நம் மெட்ஸ், ஏழாவது ஆட்டத்தில். 2023இல் டயமண்ட்பேக்ஸ் 84 வெற்றியோடு கடைசி இடத்தில் நுழைந்து உலகத் தொடர்வரை போனார்கள்.

போன வருஷம் நாமே 22-33 என்று ஆரம்பித்து, 161ஆவது ஆட்டத்தில் அட்லாண்டாவில் ஒன்பதாவது இன்னிங்ஸில் லிண்டோர் அடித்த ஹோம் ரன்னில்தான் உள்ளே போனோம். ஃபில்லீஸை வீட்டுக்கு அனுப்பினோம். டாட்ஜர்ஸிடம் ஆறாவது ஆட்டத்தில்தான் விழுந்தோம். அந்த ஆட்டத்தை ஆடிய ஆட்கள் நிறையப் பேர் இன்னும் இதே அறையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இளைய பிட்சர்களில் நோலன் மெக்லீனைப் பாருங்கள். ஆகஸ்ட் 16இல்தான் முதல் ஆட்டம். அந்தப் பையன் பந்து திரும்புகிற விதத்தைப் பார்த்தால் எனக்கு டிகிராம் வந்த காலம் ஞாபகம் வருகிறது. மூன்று ஆட்டத் தொடரில் ஒரு ஆட்டம் அவன் கையில் கொடுத்தால் யாரும் எங்களைப் பார்த்து நிம்மதியாகத் தூங்க முடியாது. உள்ளே போவதுதான் கஷ்டம். போய்விட்டால் பயப்பட வேண்டியது எதிரணி.

---

கோபி கார்த்தி
இரவு 7:40

அண்ணா, எட்டு மணிக்கு துபாயில் இந்தியா பாகிஸ்தான். அது முடிந்ததும் நானும் உங்கள் மெட்ஸைப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். எத்தனை மணிக்கு?

---

நொய்யல்கரை
இரவு 7:50

11:10க்கு தம்பி. அங்கே மதிய ஆட்டம், நமக்குச் சரியாக வரும். முதல் தடவை பார்க்கிறாய் என்றால் பந்தைப் பார்க்காதே, கேட்சரின் கையுறை எங்கே நிற்கிறது என்று பார். பிட்சர் அந்த இடத்தில் போடுகிறாரா, தவறுகிறதா என்பது தெரிய ஆரம்பித்தால் ஆட்டம் பிடித்துவிடும்.

புதன்கிழமை புரட்டாசி பிறக்கிறது என்று வீட்டில் இன்று பள்ளிபாளையம் சிக்கன். கிரிக்கெட்டுக்கு மச்சினன் குடும்பமும் வந்திருக்கிறார்கள். அவர்கள் போனதும் டிவி எனக்கு.

---

நொய்யல்கரை
திங்கள், 15 செப்டம்பர், அதிகாலை 2:40

ஜெயிச்சாச்சு!

பத்தாவது இன்னிங்ஸ். 2-2. அலோன்சோ. மூன்று ரன் ஹோம் ரன். 5-2.

கை நடுங்குகிறது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்பதில் முடியாமல் இழுத்தபோது எனக்கு நம்பிக்கை இல்லை. பத்தாவதிலிருந்து ஒவ்வொரு அணிக்கும் இரண்டாவது பேஸில் ஒரு ஆளைச் சும்மா நிறுத்திவைத்துத்தான் ஆரம்பிப்பார்கள், கார்த்தி. ஒரு சாதாரண அடியே தலையெழுத்தை மாற்றிவிடும். ரேஞ்சர்ஸ் அவர்கள் முறையில் ஒன்றும் எடுக்கவில்லை. அப்புறம் அவர் வந்தார். பந்து மட்டையை விட்டதும் தெரிந்துவிட்டது. சத்தம் போடக் கூடாது, உள்ளே எல்லோரும் தூங்குகிறார்கள். தலையணையை வாயில் வைத்துக்கொண்டு கத்தினேன்.

77-73. மிச்சம் 12.

குவீன்ஸ்காரருக்குச் செய்தி அனுப்பினேன். ஆர்டர் விஷயம் ஒன்றும் எழுதவில்லை, "அலோன்சோ" என்று மட்டும் அனுப்பினேன். அடுத்த நிமிஷமே ஆறேழு ஆரஞ்சு, நீலம் இதயங்களாக அனுப்பியிருக்கிறார். வரி வந்த பிறகு அவரிடமிருந்து விலை இல்லாத முதல் பதில்.

---

கோபி கார்த்தி
அதிகாலை 2:48

அண்ணா பார்த்தேன்! ஐந்தாவது இன்னிங்ஸில் தூங்கிவிடலாம் என்று நினைத்தேன், நல்லவேளை தூங்கவில்லை. அவர் அடித்துவிட்டு ஓடிவரும்போது எல்லோரும் வீட்டுப் பேஸில் காத்துக்கொண்டு நின்றார்களே, அது ரொம்பப் பிடித்தது.

---

மோகனூர் அக்கா
காலை 6:10

வாழ்த்துகள் தம்பி. உங்கள் பதிவைப் படித்தபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் 28ஆம் தேதிவரை நான் ரெட்ஸ்தான், சொல்லிவிட்டேன். மாப்பிள்ளையிடம் இந்தத் திரியைக் காட்டினேன், 4-2ஐ மறக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னார்.

---

நொய்யல்கரை
காலை 8:30

மறக்கலைங்க அக்கா. ராத்திரி சந்தோஷத்தில் இருந்தேன், இப்போது கணக்கு மறுபடி வந்துவிட்டது. ஒரு வெற்றி. ஸ்டார்ட்டர்கள் அதே ஆட்கள்தான், புல்பென்னும் அதே தோள்கள்தான். இந்தப் பன்னிரண்டில் குறைந்தது ஏழு ஜெயித்தாக வேண்டும் என்று நினைக்கிறேன். வாத்தியார் சார், பன்னிரண்டுக்கு ஏழு என்றால் காசுக் கணக்கு எவ்வளவு என்று முடிந்தால் போடுங்கள்.

இன்று ஓய்வு. புதன் விடியற்காலை பாட்ரெஸ். பெருந்துறைக்காரரே, நீங்கள் மைதானத்துக்குப் போனால் ஹெல்ஸ்லி புல்பென்னில் கை சுழற்றுகிறாரா என்று மட்டும் பார்த்து எழுதுங்கள். டிவியில் அதைக் காட்ட மாட்டேன் என்கிறார்கள்.

---

கணக்கு வாத்தியார்
காலை 9:05

ஏழு அல்லது அதற்கு மேல்: 38.7 சதவீதம். ஆறு அல்லது அதற்கு மேல் என்றால் 61.3.